தட்டில் ஒரு பாய்மரக் கப்பல்

ஒடென்ஸ், 27 நவம்பர் 1927

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் நலம். லத்தீனில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

இங்கே ஒரு சிறு வேடிக்கை நடந்தது. வீட்டுக்கார அம்மா திருமதி ஹோல்ம்கோர் ஒரு மாலுமியின் விதவை என்று எழுதியிருந்தேன் அல்லவா? சாப்பாட்டு அறைச் சுவரில் அவர் மாட்டியிருக்கும் பீங்கான் தட்டில் நீல நிறத்தில் ஒரு பாய்மரக் கப்பல் வரையப்பட்டிருக்கிறது. பதினைந்தாம் தேதி அதைத் துடைக்கும்போது, வரைந்தவர் பெயரைப் பார்க்கலாமென்று கவிழ்த்தேன்.

"அடிப் பாவி, கப்பலைக் கவுத்துட்டியே! உங்கப்பா கடல்ல இருக்கும்போதா?" என்று பிடுங்கிக்கொண்டார். "படிக்க உனக்குப் புத்தகமா இல்ல?"

அறைத்தோழி யூட்டே சிரித்தாள். "தட்டைக் கவுத்தா கப்பல் மூழ்கும்னா, நம்ம அடுப்படியில தினம் ஒரு கடற்படையே மூழ்கணும்டி!"

நானும் சிரித்தேன். நம் தீவில் ரொட்டியைக்கூடக் கவிழ்த்து வைப்பதில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் ஊரில் கடல் கிடையாது.

இதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனாலும் சாப்பிட உட்காரும்போது அந்தக் கப்பல் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், சாயவில்லை. நாளையும் பார்ப்பேன்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். அப்பாவின் பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அப்பாவின் கடிதம் வந்தால், எந்தத் தேதியில் எழுதினார் என்று உடனே தெரிவியுங்கள். பதினைந்துக்கு முந்தைய தேதியென்றால் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்,
ராக்ன்ஹில்