ராகுகாலம் முடிந்து இறங்கியவர்கள்

6 ஜூன், வெள்ளி

வெள்ளிமலைப் பள்ளியிலிருந்து மறுபடி போன். பதினாறாம் தேதி சேராவிட்டால் கணக்கு டீச்சர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அப்பா, "ஞாயித்துக்கெழம உளுந்தூர்பேட்டக்காரங்க பொண்ணு பாத்துட்டுப் போவட்டும்" என்றார். பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பதுதான் அவர்களின் முதல் நிபந்தனை. பிறகு எதற்கு பி.எட். படித்த பெண்? ஷோகேஸில் வைக்கவா? கேட்கவில்லை. நான் எப்போது கேட்டிருக்கிறேன்.

8 ஜூன், ஞாயிறு

ஐந்தரைக்கே கார் வந்துவிட்டது. ஆறு மணி வரை ராகுகாலம், இறங்க மாட்டார்களாம். எங்கள் வாசலிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெயிலில் நின்று, மூடிய கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஆறானதும் நான்கு கதவும் ஒன்றாகத் திறந்தன. மாப்பிள்ளையின் அம்மா, "டேய் சங்கரு, எல்லாத்தையும் பூட்டு. ஊருப் பசங்க கை வெச்சிடப் போறாங்க" என்றார். கண்ணாடியோரப் பூட்டுக் குமிழை ஆளுக்கொன்றாக அழுத்திக் கதவைச் சாத்தினார்கள். சாவி உள்ளே. பூ, பழத் தட்டும் உள்ளே. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டில்லாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாதாம். தெருவிலேயே நின்றார்கள்.

மாப்பிள்ளை சிவசங்கர் — எம்.பி.ஏ.! — கைப்பிடியை இழுத்தார். நான்கு கதவையும் சுற்றிவந்து முதல் கதவை மறுபடி இழுத்தார், அதற்குள் அது மனம் மாறியிருக்கும் என்பதுபோல. அவர் மாமா இரும்பு ஸ்கேலை விட்டுக் குடைந்ததில் கண்ணாடி ரப்பர் கிழிந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அய்யனார் அண்ணன் செங்கல்லோடு வந்தார். "ஒரே போடு. இன்னாங்கறீங்க?"

அப்பா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கு? சாவியை அவரா உள்ளே வைத்தார்? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

காலேஜ் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஒர்க்‌ஷாப். சாவி உள்ளே மாட்டிக்கொண்ட கார்களை அங்கே எப்படித் திறக்கிறார்கள் என்று பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். தோசைக் கரண்டியில் துணி சுற்றினேன். துணி காயப்போடும் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, நுனியைச் சுருக்காக வளைத்தேன். பட்டுப்புடவையோடு போய், கதவின் மேல்விளிம்பில் கரண்டியைச் செருகி நெம்பினேன். கம்பி உள்ளே இறங்கியது. வழுக்கியது. மறுபடி. சுருக்கு குமிழில் விழுந்தது, இழுத்தேன். டக்.

இன்ஜினை அணைத்து, சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

"உங்க பொண்ணுக்கு இதெல்லாங்கூட தெரியுங்களா?" என்று அந்த அம்மா அப்பாவைக் கேட்டார்.

"தெரியுங்க" என்றேன் நானே.

பஜ்ஜியை மட்டும் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

9 ஜூன், திங்கள்

அம்மா என்னோடு பேசவில்லை.

11 ஜூன், புதன்

தரகர் அமிர்தம் வந்தார். "கார் கதவத் தொறக்கறவ நாளைக்கு பீரோவத் தொறக்க மாட்டாளான்னு கேக்கறாங்கமா."

அம்மா அழுதாள். எனக்கும் ஒரு நிமிடம் — இன்னாத்துக்குப் போனேன்? சும்மா இருந்திருந்தா... இருந்திருந்தா, அந்த ஆளு பக்கத்துல காலம் பூரா சும்மாவே இருந்திருக்கணும்.

அப்பா, "அரமணி நேரம் என்னிய வெயில்ல நிக்க வெச்சவங்கதான" என்றார்.

16 ஜூன், திங்கள்

வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்பா கீழே நின்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "டீச்சருங்க. ஸ்கூலாண்ட நிறுத்தி எறக்கி வுடுங்க."