கைப்பிடிச் சுவர் வழக்கு

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதில் பாதியைத் தள்ளிவிடு. மீதிப் பாதியை நானே ஒழுங்காகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதையும் போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் அவள் கையில் இருக்கிறது.

மொட்டை மாடிக்குச் சுவர் இல்லை, மூன்று வயதுப் பிள்ளையை அங்கே எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது, சுவர் எழும்பும்வரை வரமாட்டேன் என்று நீ முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தால் நியாயம்தான். மறுநாளே கொத்தனாரை வரவழைத்தேன், நம்பு. செங்கல் வந்தது, மணல் வந்தது, அவர் கலவைகூடப் போட்டுவிட்டார். அப்போதுதான் பக்கத்து வீட்டு வாய்தா மாமா மாடியேறி வந்தார். கோர்ட்டில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர், எதையும் ஒரே நாளில் முடிக்க விடமாட்டார் என்றுதானே சின்ன வயதில் நீ அவருக்கு அந்தப் பெயரை வைத்தாய். சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார், இடுப்பளவு என்றேன், போதாது, ஆளுயரம் வேண்டும் என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பைபிளில் மோசே காலத்துச் சட்டத்திலேயே இருக்கிறது, புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்து செத்தால் ரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும், ஆக விழாமல் இருக்கத்தான் சுவர், அதற்கு இடுப்பளவு தாராளம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஷரீஅத்தில் அண்டை வீட்டுக்குத் தீங்கு செய்யாதே என்பது பெரிய விதி, மேலே இருக்கிறவன் கீழ் வீட்டு முற்றத்தைப் பார்க்க முடியாதபடி மறைப்பு வைக்க வேண்டும் என்று சட்டப் பெரியவர்களில் ஒரு சாரார் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் மாடியில் நின்றால் என் மனைவி தலை உலர்த்துகிற இடம் தெரிகிறது என்றார். அதாவது நம் சட்டப்படி ஆள் கீழே போகக் கூடாது, அவர்கள் சட்டப்படி பார்வை கீழே போகக் கூடாது. கலவை இறுகுகிறது என்றார் கொத்தனார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் அவரை நாளைக்கு வரச் சொன்னோம்.

அந்த ‘நாளைக்கு’ வர மூன்று வாரம் ஆயிற்று. தினமும் சாயங்காலம் தேநீர் டம்ளரோடு விசாரணை. மோசே உயரம் சொல்லவில்லை, பின்னால் வந்த யூத அறிஞர்கள் பத்துக் கையகலம் என்று கணக்குச் சொன்னார்கள் என்று தேடிப் பிடித்தேன். என் கையால் அளந்தால் முப்பத்து மூன்று அங்குலம் வந்தது, அவர் கையால் இருபத்தெட்டு. பேனா பிடித்த கை அவ்வளவுதான் இருக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், இரண்டு நாள் ஆள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவர், சுவரில்லாத மாடியில் படுத்துத் தூங்குகிறவனை எச்சரிக்கிற நபிமொழி எங்களிடமும் உண்டு, விழுகிற விஷயம் உங்களுக்கு மட்டும் பட்டா போட்டதில்லை என்றார். அதோடு விட்டாரா? உங்கள் சுவர்ச் சட்டத்துக்கு மூன்று வசனம் தள்ளி, கம்பளியும் சணல்நூலும், அதாவது லினனும், கலந்த துணியை உடுத்தாதே என்று இருக்கிறதே, நாற்பது வருடம் டெய்லர் கடையில் என்ன வைத்துக் கோட்டுத் தைத்தீர்கள் என்று கேட்டார். உனக்குத் தெரியும், கம்பளிக் கோட்டின் மார்பு நிமிர்ந்து நிற்க உள்ளே லினன் கான்வாஸ் வைத்தே ஆக வேண்டும். அந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்றேன். அப்படியானால் சுவர்ச் சட்டம் மட்டும் எப்படிக் கட்டும் என்றார். அன்றைக்கு வாய்தா கேட்டது நான்தான். உன் அம்மா அடுப்படியில் சிரித்த சிரிப்பு மாடிவரைக்கும் கேட்டது. "ரெண்டு சட்டத்துலயும் சுவர் இருக்கு, நம்ம வீட்டுலதான் இல்லை" என்றாள்.

இனி அம்மா சொல்லியிருக்கக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை, இடுப்பளவுக்கு மேல் தேவையில்லை என்று கண்ணால் காட்டிவிடலாம் என்று மாடி ஓரத்தில் கொஞ்ச தூரம் செங்கல்லைக் கலவையில்லாமல் அடுக்கினேன். நீளத்தையும் அளந்துவிடலாம் என்று டேப்பின் ஒரு முனையை மாமாவிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு நான் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே போனேன். அவர் எண்ணை வாசித்தார், நான் அதை மறுத்தேன். அடுக்கின கல் பாதியில் முடிந்துவிட்டதை இரண்டு சட்ட மேதைகளும் கவனிக்கவில்லை. கீழே மாமா வீட்டு முற்றத்திலிருந்து, "அண்ணே, அப்படியே நில்லுங்க, பின்னாடி தரை இல்லை" என்று ஒரு குரல். அத்தை. இருபது வருடத்தில் என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷி. நின்றுவிட்டேன். குதிகால் காற்றில் இருந்தது, செருப்பு கழன்று அவர்களுடைய வாளிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. மாமா டேப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் காலரைப் பிடித்து இழுத்தார். நான் தைத்த காலர், கிழியவில்லை. ஆனால் அம்மாடி, அந்த நொடியில் எனக்கு மோசேயும் நினைவுக்கு வரவில்லை, அங்குலமும் வரவில்லை. இந்த வீம்பால் பேரனைப் பார்க்காமலே போகப் போகிறேனே என்றுதான் தோன்றியது. முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அம்மா எலும்பு முறிவு என்று சொல்லியிருந்தால் அது அந்தத் தள்ளவேண்டிய பாதி.

ஈரச் செருப்போடு அத்தை மேலே வந்தார்கள், பின்னாலேயே உன் அம்மா. மாமா ஏதோ மேற்கோள் காட்டத் தொண்டையைக் கனைத்தார். "ஒருத்தருக்கு விழுறது பிரச்சினை, ஒருத்தருக்குப் பார்க்கிறது பிரச்சினை. விழப்போனவரைப் பார்த்தது நான். அதனால உயரத்தை நான் சொல்றேன்" என்றார்கள் அத்தை. இடுப்புவரை செங்கல், அதற்கு மேல் ஆளுயரத்துக்கு ஓட்டைக் கல், பேரன் மேலே ஓடி விளையாடுவது முற்றத்திலிருந்து தனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தீர்ப்பு. வாய்தா மாமா மேல்முறையீடு கேட்காமல் கொத்தனாருக்குப் போன் போட்டார். கொத்தனார் மூன்றே நாளில் முடித்துவிட்டார். நேற்று மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று தோளால் முட்டிப் பார்த்தோம், அசையவில்லை. கலவை காயும்வரை எங்கள் இருவருக்கும் மாடியேறத் தடை.

ஆகையால் டிக்கெட்டைப் போடு. பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஆண்டவர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார், மாமாவும் அத்தையும் உங்களுக்காகத் துஆ செய்து வேண்டிக்கொள்வதாகச் சொல்லச் சொன்னார்கள். ஒன்றை மறந்துவிடாதே. பேரனுக்குச் சட்டை தைக்க ஒவ்வொரு முறையும் நீதான் தோள், கழுத்து என்று அளவெடுத்து அனுப்புவாய். இந்த முறை அனுப்பாதே. நானே தொட்டு அளந்துகொள்கிறேன்.

உன் வருகையைப் பார்த்திருக்கும்,
அப்பா