ஆள் உள்ளே

ஜனவரி 11

அன்பும் அடாவடியும் ஒருங்கே வாய்ந்த என் மருமகளுக்கு,

எந்த மெக்கானிக்கின் காலடிச் சத்தம் கேட்டதும் நகரத்து லிப்டுகள் எல்லாம் தாமாகவே கதவைத் திறந்து வணக்கம் சொல்லினவோ, அந்த ஓய்வுபெற்ற மாவீரன், அதாவது உன் மாமா, எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அப்படித்தான் கண்ணாடி சொல்கிறது; அதற்குக் கொஞ்ச நாளாகப் பார்வை மங்கல்.

முதலில் ஒரு சத்தியம். இதுவரை யாரும் நம்பாத, இனியும் யாரும் நம்பப்போகாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். உன் அம்மா இருந்திருந்தால், "ஆரம்பிச்சிட்டியாடா தம்பி" என்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். அந்த அக்கா மேல் ஆணை, நீயும் நம்ப மாட்டாய்.

உன் கடிதம் கிடைத்தது. உன் பிரசவ விடுப்பு மாதக் கடைசியோடு முடிகிறது. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நீ ஊசியும் கையுமாக நிற்க வேண்டும். மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர். எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கடவுளுக்கே முந்தின நாள்தான் தெரியும். ஆகவே மாமா வந்து ஒரு வருடம் தங்கி, சுண்டெலி மகாராணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாய். போனில் கேட்காமல் எழுதிக் கேட்டதற்கு நன்றி. மோட்டார்கள் தின்று மிச்சம் வைத்த என் காதில் போன் வழியாக நீ பேசினால் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும்தான் விழுகிறது.

இனி கதை. போன வாரம் டீ போடலாம் என்று அடுப்பில் கெட்டிலை வைத்தேன். பால் இல்லை. கடைக்குப் போய் வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் என் தெருவைக் காணோம். யாரோ பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் பாலும் தேடி நடந்தோம். மலை தாண்டினோம், பாலைவனம் தாண்டினோம். வழியில் பால் தயிராகி, தயிர் வெண்ணெயாகி, வெண்ணெய் நெய்யாகிவிட்டது. கடைசியில் ஒரு தபால்காரர் என்னை ஒரு பார்சல் என்று நினைத்து விலாசத்தில் சேர்த்தார். வாசலில் நாற்பது தீயணைப்பு வண்டிகள். அடுப்பின்மேல் கெட்டில் உருகி, காலம் சென்ற உன் அத்தையின் ஜாடையில் சிலையாக நின்றுகொண்டிருந்தது. அதே முறைப்பு. தீயணைப்புக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படிப்பட்டவன் கையில் ஒரு குழந்தையைக் கொடுக்கலாமா? யோசித்து எழுது.

இப்படிக்கு,
லிப்டுகளின் மாமன்னர் (ஓய்வு)

ஜனவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அத்தை சிலையானதில் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. "வர இஷ்டம் இல்லைன்னா ஒரு வரியில சொல்லலாம்ல. அதுக்கு எதுக்கு நாப்பது வண்டி" என்றார். எங்க மாமாவை அப்படிச் சொல்லாதீங்க என்று சண்டை போட்டேன். சண்டை போட்டு முடித்ததும் அவர் சொன்னது சரியோ என்று தோன்றிவிட்டது.

மாமா, நாங்கள் தேடாமல் உங்களைக் கேட்கவில்லை. முதலில் பார்த்தது, வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாவின் வீடு. அந்த அம்மா நல்லவர். எங்களுக்குக் கட்டுப்படியாகிற கட்டணம். ஒரு சின்ன அறையில் குழந்தைகள் வரிசையாக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போனதும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதிருந்தால்கூட விட்டிருப்பேன். அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

அடுத்தது ஒரு காப்பகம். சின்னச் சின்னச் செருப்புகளுக்குத் தனித்தனித் தட்டு. அங்கே வேலை செய்கிற பெண் சுண்டெலியோடு பேசுவதற்காகத் தரையில் படுத்தே விட்டாள். இவளும் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அங்கேயே விட்டுவிட்டு வரலாம் போல இருந்தது. ஆனால் கட்டணத்தைக் கட்டினால் என் சம்பளத்தில் பஸ்ஸுக்குத்தான் மிஞ்சும். அதோடு அவர்கள் திறப்பது எட்டு மணிக்கு. "ஏழு மணிக்கு யாரும் திறக்க மாட்டாங்கம்மா, நீங்க வேணா வேலையை மாத்திப் பாருங்களேன்" என்றார் மேலாளர், ஏதோ சட்டையை மாற்றச் சொல்வதுபோல.

"சம்பளம் முழுக்க அங்கேதான் போகப்போகுதுன்னா நீ எதுக்கு வேலைக்குப் போற" என்று இவர் கேட்கிறார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறார். எனக்குப் பதில் தெரியும். இப்போது விட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு வர எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அம்மா போனபிறகு பள்ளிக்கூட வாசலில் கிரீஸ் சட்டையோடு தினமும் நின்றது நீங்கள்தான். ஒரு நாள்கூட நான் காத்திருந்ததில்லை. அதனால்தான் கேட்டேன். கதை வேண்டாம் மாமா. வருவீர்களா, மாட்டீர்களா?

உங்கள்,
வாலு

ஜனவரி 26

அன்புள்ள வாலுக்கு,

சரணடைந்தேன். என் படைகள் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டன. வருகிற ஞாயிறு ரயிலில் ஒரு பெட்டி, ஒரு போர்வை, ஒரு மாமா வந்து சேரும். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

ஒரே ஒரு நிபந்தனை. லிப்ட் குழிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் மேலே மெயின் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவோம். "ஆள் உள்ளே" என்று எழுதியிருக்கும். அதன் ஜோடி, இறங்குகிறவன் சட்டைப் பையில். மாட்டியவன்தான் வந்து கழற்ற வேண்டும். முதலாளி வந்தாலும், முதலாளியின் முதலாளி வந்தாலும் கை வைக்கக் கூடாது. என்னிடம் அப்படி ஒரு ஜோடி மிச்சம் இருக்கிறது. ஒன்றைச் சுண்டெலியின் தள்ளுவண்டியில் கட்டுவேன். இன்னொன்று என் நெஞ்சுப் பையில் இருக்கும். கை பட்டால் போதும், ஆள் உள்ளே என்று தெரிந்துவிடும். மாப்பிள்ளை சிரித்தாலும் யாரும் அதைக் கழற்றக் கூடாது. சம்மதமா?

கிளம்பும் முன் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிய கதையை முழுக்கப் படித்தாய் அல்லவா?

உன் மாமா,
சிவப்பு அட்டைகளின் சக்கரவர்த்தி

ஏப்ரல் 3, சமையலறை மேஜை, டீ டப்பாவுக்கு அடியில்

வாலுக்கு,

நீ வரும்போது நானும் மகாராணியும் குறட்டைப் போட்டியில் இருப்போம் என்பதால் இன்றைய அரசாங்க அறிக்கையை எழுத்தில் சமர்ப்பிக்கிறேன். காலையில் மகாராணி என் ஒரு காலுறையைச் சாப்பிட்டார். இன்னொன்றை மதியத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார். பூங்காவில் ஒரு புறாவோடு போர். புறா தோற்று, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தது. தூங்கும்போது என் கட்டைவிரலை விடவே இல்லை. எடுக்க மனசில்லாமல் நானும் அப்படியே கிடந்தேன். அதனால் துணி துவைக்கவில்லை.

அக்கா வேலையிலிருந்து வந்ததும் சொல்லிவிடு, நீ இன்று சமர்த்தாக இருந்தாய் என்று.

மாமா

அதே தாளில், கீழே:

மாமா, அறிக்கை கிடைத்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு நானும் இவரும் வெகுநேரம் சிரித்தோம். என்னையும் சுண்டெலியையும் ஒன்றாக்கி, அம்மாவையும் வேலைக்கு அனுப்பிவிட்டீர்கள். உங்களைத் தவிர யாருக்கு இப்படித் தோன்றும்? துணி நான் துவைத்துக்கொள்கிறேன். வாலு.

ஜூன் 2

அன்புள்ள மாமாவுக்கு,

ரயிலில் ஏற்றிவிடும்போது, "என்னதான் நடந்துச்சு, சொல்லேன்" என்று கேட்டீர்கள். நடைமேடையில் அத்தனை பேர் நடுவில் உங்களுக்குக் கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்ல முடியவில்லை. எழுதினால்தான் முடியும்.

அந்த வியாழக்கிழமை சுண்டெலியோடு மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனீர்கள். தள்ளுவண்டியைக் கடைக்குள் முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். காசு கொடுத்தீர்கள், கடைக்கார அம்மாவிடம் ஏதோ ஜோக் சொன்னீர்கள், பாலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

எனக்கு போன் வந்தபோது ஒரு பெரியவரின் கையில் ஊசி இறங்கியிருந்தது. அதனால் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. "பாப்பா நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. பிஸ்கட் பாக்கெட்டை எல்லாம் நசுக்கிட்டு இருக்கு. தாத்தாவைத்தான் காணோம்" என்றார் அந்த அம்மா. என் நம்பர் எப்படித் தெரியும் என்றேன். வண்டியில் தொங்குகிற சிவப்பு அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கிறது என்றார்.

அந்த அட்டையை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை, மாமா. "இவளைக் கொண்டுவந்தவன் மறந்துவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லவும்." உங்கள் கையெழுத்து. வந்த அன்றைக்கே எழுதியிருக்கிறீர்கள், மை மங்கிப்போயிருந்தது.

அவளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நீங்கள் மேல்மாடியில் லிப்ட் கதவுக்கு நடுவில் நின்று, அது மூடிக்கொள்ளாமல் தோளால் தாங்கிக்கொண்டிருந்தீர்கள். சட்டையெல்லாம் வியர்வை. எல்லா மாடியிலும் கதவைத் தட்டி, "கரண்ட்டை நிறுத்துங்க, உள்ளே ஆள் இருக்கு" என்று சொன்னீர்களாம். காவலாளி கெஞ்சியும் நகரவில்லை. ஒரு கையில் பால். இன்னொரு கையில் பையிலிருந்து எடுத்த அட்டை. என்னைப் பார்த்ததும், "வாலு, நல்லவேளை வந்தே. ஆள் உள்ளே இருக்கு. யாருன்னுதான் ஞாபகம் வரல" என்றீர்கள்.

என் இடுப்பில் அவள் இருந்தாள். உங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே நீங்கள் பெட்டியோடு நின்றீர்கள். நான் தடுக்கவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருங்கள் மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும், அவளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு சம்பளம். அது ஒருவருக்கே போதவில்லை.

அவளை அந்தக் காப்பகத்தில் சேர்த்துவிட்டோம். இவர் நிரந்தரமாக இரவுப் பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார். விடிந்து வந்து, எட்டு மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தூங்குகிறார். நானும் அவரும் வாசற்படியில் பார்த்துக்கொள்கிறோம். "பால் காச்சியாச்சா", "சாவி எங்கே", அவ்வளவுதான் பேச்சு. முதல் நாள் அவள் காப்பகத்து வாசலில் அழவில்லை. திரும்பித் திரும்பி யாரையோ தேடினாள்.

தள்ளுவண்டியில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறது. காப்பகத்தில் கழற்றச் சொல்கிறார்கள். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை?

உங்கள்,
வாலு

ஜூன் 14

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தை நேற்றும் படித்தேன், இன்றும் படித்தேன். இரண்டு தடவையும் புதிதாக இருந்தது. என் வியாதியில் இருக்கிற ஒரே சௌகரியம், கெட்ட செய்தி பழசாவதே இல்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. கீழ்வீட்டுத் தையல்காரரின் மனைவி காலையிலும் மாலையிலும் சாப்பாட்டோடு வந்து, நான் இன்னும் நான்தானா என்று சோதித்துவிட்டுப் போகிறார். அடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது இப்போது அவர்கள் வீட்டில் அரசியல் கைதியாக வாழ்கிறது. டாக்டரிடமும் அவர்தான் கூட்டிப்போனார். ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார் டாக்டர். நான் வரைந்து கொடுத்தது பன்னிரண்டு மாடி லிப்டின் பட்டன் பலகையாம். மிக அழகாக இருந்தது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

என்னைத் தடுக்கவில்லை என்று வருந்துகிறாய். தடுத்திருந்தால் இருந்திருப்பேன், வாலு. அந்தப் பயத்தில்தான் நீ எழுந்திருக்கும் முன்பே பெட்டியைக் கட்டினேன்.

மாப்பிள்ளையிடம் சொல், இரவில் ஓட்டுகிறவர் பகலில் நன்றாகத் தூங்க வேண்டும் என்று. நீ வேலையை விடாதே. சம்பளம் முழுக்கக் காப்பகத்துக்குப் போனாலும் விடாதே. தரையில் படுத்துப் பேசுகிற அந்தப் பெண்ணுக்கு உன் சம்பளத்தைக் கொடுப்பதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. என்னால் குனிய மட்டும்தான் முடிந்தது.

அட்டை விஷயம். விதியை மறக்காமல் வைத்திருக்கிறாயே, நீ என் மருமகள்தான். ஆனால் அது மாட்டியபடியே தொங்கினால் லிப்ட் ஓடாது. இந்தக் கடிதத்தை என் கை என்று நினைத்துக்கொள். கடிதத்தை அட்டைமேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து நீயே கழற்றிவிடு. என் பையில் இருந்த ஜோடியை இதோடு வைத்திருக்கிறேன். இனி எனக்கு அதில் வேலை இல்லை. காலையில் கை பட்டால் யாரையோ தேடிக் கிளம்பிவிடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொன்னேன். நேராகச் சொன்னால் நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்றிருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றவனாகவே இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசைப்பட்டேன். நீ நம்ப மாட்டாய் என்று சத்தியம் செய்துவிட்டல்லவா ஆரம்பித்தேன். நம்பாதது உன் தப்பில்லை.

அந்த ஜனவரிக் கதையில் தீயணைப்பு வண்டி ஒன்றுகூட வரவில்லை. மலையும் பாலைவனமும் பொய். கெட்டில் உன் அத்தை ஆகவில்லை; அடியில் கறுத்ததோடு சரி. பால்கூடப் பாலாகவேதான் இருந்தது.

என் தெருவைக் காணோம் என்றது மட்டும் நிஜம்.

உன் மாமா