நான் கைதட்டிய கோல்

அன்புள்ள ஷபீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சுகம். உன் முட்டிவலி தேவலையா? அத்தா மாத்திரை போடுகிறாரா? போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும் என்பதால், ஊருக்கு வரும் கீழ்க்கட்டளை தனசேகரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என்னை டிவியில் பார்த்ததாக உன் தம்பி அயூப் பல்லாவரம் முழுக்கச் சொல்லிவிட்டானாம். நான் டிக்கெட் வாங்கிப் போகவில்லை. உலகக் கோப்பை ஃபுட்பால் குரூப் மேட்ச்சுக்குக் கூட்டம் சேரவில்லை என்று எங்கள் லேபர் கேம்ப் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிப்போய், சிவப்பு ஜெர்சி மாட்டி உட்காரவைத்தார்கள். "நம்ம டீம் இடது பக்கம் அடிக்குது. அந்த வலைல பந்து வுழுந்தா எழுந்து கத்துங்க" என்றார் நம்மூர் சூப்பர்வைசர்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள் என்று கிரிக்கெட் மட்டுமே பார்த்த எனக்கு எங்கே தெரியும்? கடைசியில் இடது வலையில் பந்து விழுந்ததும் குதித்துக் கைதட்டினேன். சிவப்பு அணி தோற்றதே அந்த கோலில்தான். டிவியில் வந்ததும் அதுதான்.

பக்கத்து சீட்டில் அந்தச் சிவப்பு அணியின் நாட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் தட்டித் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நானும் வாங்கிக் குடித்தேன், ஷபீனா.

தனசேகர் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாயும் உன் பழைய துப்பட்டா ஒன்றும் கொடுத்துவிடு. தலையணைக்கு உறை இல்லை. அயூப் அந்த ஜெர்சியைக் கேட்டானே, பஸ் ஏறுமுன்பே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மச்சான் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று சொல்லிவிடு. தனசேகர் கிளம்பிவிட்டான்.

உன் பர்வேஸ்