சித்தி உயிருடன் இருப்பதைப் பதிவு செய்யக் கோரி

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(காலமானதாகக் கூறப்படும் சித்தியின் வாரிசு),
ஐந்தாம் மாடி, நகராட்சிக் குடியிருப்பு,
அச்சகத் தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் சித்தியை இறந்தவர் பட்டியலிலிருந்து வெள்ளிக்கிழமைக்குள் நீக்கித் தருதல் – லிஃப்டைச் சரிசெய்தல் – தங்கள் அலுவலகக் கருவிக்குப் பேச்சுத் தமிழ் கற்பித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. சித்தியின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்து, சித்தியின் கைபேசிக்கே தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, நாள் 2.
2. சேவை எப்படி இருந்தது என்று அதே சித்தியிடம் ஐந்து நட்சத்திரம் கேட்ட குறுஞ்செய்தி, நாள் 3.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இறந்தவர் தாமே மனு எழுத முடியாது, வாரிசுதான் எழுத வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தின் மூன்றாம் எண் சாளரத்தில் சொன்னார்கள். ஆகவே சித்தியின் சார்பில் நான் எழுதுகிறேன். சித்தி இப்போது சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார். சத்தம் எனக்குக் கேட்கிறது.

1. சித்தி என் அம்மாவின் தங்கை. எங்களுடன் வசிப்பவர். சட்டைத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் காலர் தைத்தார். சென்ற ஆண்டு அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஓட்டுநர் பயிற்சிக்குச் சென்று, தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வேன் ஓட்ட உரிமம் பெற்றார். (தோற்றது வண்டியைப் பின்னால் எடுப்பதில் மட்டும்தான் என்று குறிப்பிடச் சொல்கிறார்.) இம்மாதம் எங்கள் பள்ளி வேனை ஓட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. குடிமக்கள் பதிவேட்டின் நகலை வரும் வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். நகல் எங்களிடம் இருக்கிறது. அதில் சித்தியின் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று அச்சாகியிருக்கிறது.

2. இது எப்படி நேர்ந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் ஏழு வாரங்களாக ஓடவில்லை. ஐந்தாம் மாடிக்குத் தொண்ணூறு படிகள். ஓடாத அந்த லிஃப்டின் கதவில் தங்கள் அலுவலகம் ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறது. 'செவிமடல்: உங்கள் குறைகளைக் கேட்கும் தானியங்கிச் சேவை. இயல்பான மொழியில் மனம்விட்டுப் பேசுங்கள்' என்று அதில் இருந்தது. எழுதியிருப்பதை நம்பும் பழக்கம் எனக்கு உண்டு. சும்மா மனசில் பட்டதைச் சொல்லுங்கள் சித்தி என்று 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எண்ணை அழுத்திக் கொடுத்தவள் நான்தான்.

3. சித்தி எதையும் இருக்கும் அளவில் சொல்கிறவர் அல்லர். மழை தூறினால் 'வானமே பொத்துக்கிச்சு' என்பார். பால் பொங்கி வழிந்தால் 'குடியே முழுகிப் போச்சு'. சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானால் பெருங்குடல் சிறுகுடலைத் தின்றுவிடும். அன்று அவர் செவிமடலிடம் கூறியது இது:

"தொண்ணூறு படிங்க. ரெண்டு கையிலயும் காய்கறிப் பை. ஏறி வர்றதுக்குள்ள உயிரே போயிடுச்சு. இந்த லிஃப்டைச் சரிபண்ற வரைக்கும் நான் செத்தேன்னு வெச்சுக்குங்க."

ஐயா, கருவி அப்படியே வைத்துக்கொண்டது.

4. பேச்சு முடிந்ததும் கருவி சுருக்கம் வாசித்தது. சித்தி மூச்சு வாங்கியபடி கைபேசியை என்னிடம் நீட்டினார். நான் கடற்பயணம் பற்றிய ஒரு புத்தகத்தில் இருந்தேன். கப்பல் பாறையில் மோதுவதற்கு இன்னும் அரைப் பக்கம்தான் இருந்தது. 'சரியென்றால் ஒன்றை அழுத்தவும்' என்பது மட்டும் காதில் விழுந்தது. அழுத்தினேன். சுருக்கத்தில் என்ன இருந்தது என்பதைத் தங்கள் அலுவலகம் பின்னர் அச்சிட்டுத் தந்தது: 'மனுதாரர் உயிரிழந்தார். காரணம்: மாடிப்படி. தம்மை இறந்ததாக வைத்துக்கொள்ளுமாறு மனுதாரரே கேட்டுக்கொண்டார்.' எனவே சித்தியைக் கொன்றதில் செவிமடலுக்குப் பாதிப் பங்கும் எனக்கு மீதிப் பங்கும் உண்டு. இதற்காகச் சித்தி என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

5. லிஃப்ட் பற்றிய மனு அன்றே முடித்துவைக்கப்பட்டது. மனுதாரர் மறைந்துவிட்டதால் இனி அவருக்கு லிஃப்ட் தேவைப்படாது என்பது காரணம். தங்கள் அலுவலக வாசலில் உள்ள 'இம்மாதத்தின் மிக விரைவான தீர்வு: 41 விநாடிகள்' என்ற பலகை எங்கள் மனுவைத்தான் குறிக்கிறது என்று அறிகிறேன். மறுநாள் நட்சத்திரம் கேட்டு வந்த செய்திக்கு நாங்கள் ஒரு நட்சத்திரம் கொடுத்தோம். இறந்தவர்கள் மதிப்பிட இயலாது என்று பதில் வந்தது.

6. தவறைத் திருத்தச் சித்தி 4ஆம் தேதி மீண்டும் செவிமடலை அழைத்தார். இறந்தவரின் எண்ணிலிருந்து பேசும் நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று அது கேட்டது. "நான்தாங்க அவ" என்றார் சித்தி. 'அவ' என்ற உறவுமுறை பட்டியலில் இல்லை என்றது கருவி. இப்படியே இருபது நிமிடம் போயிற்று. பொறுமை இழந்த சித்தி, உன்னோடு பேசினால் தலையே வெடித்துவிடும், வயிறு பற்றி எரிகிறது என்று கூறிவிட்டார்.

பன்னிரண்டு நிமிடங்களில் தீயணைப்பு வண்டி வந்தது. லிஃப்டுக்கு ஏழு வாரமாக வராத நகராட்சி, சித்தியின் வயிற்றுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்ததை நன்றியுடன் பதிவு செய்கிறேன். நான்கு வீரர்கள் குழாயைத் தோளில் சுமந்து தொண்ணூறு படிகளும் ஏறினார்கள். அவர்களின் தலைவர் கடைசிப் படியில் உட்கார்ந்து, "அஞ்சு மாடியாம்மா, அப்பா, உயிரு போ..." என்று தொடங்கினார். நான் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன். கைபேசி இன்னும் இணைப்பில் இருந்தது. அவருக்கு இரண்டு பிள்ளைகளாம். என் செயலுக்கு அவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

7. 6ஆம் தேதி சித்தியும் நானும் நேரில் வந்தோம். மூன்றாம் எண் சாளரத்தில் இருந்த அலுவலர் நல்லவர். திரையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "நீங்க இருக்கறது எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியலையே" என்றார். கட்டைவிரலை வைக்கச் சொன்னார். அப்படி ஒரு விரல் இல்லை என்றது இயந்திரம். சித்தி வியர்த்துப்போய் நிற்பதைக் கண்டு தம் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். இறந்தவர் என்று பாராமல் அவர் காட்டிய பரிவைத் தாங்கள் பாராட்ட வேண்டும்.

வாரிசு யார் என்று அவரே தேடிப் பார்த்தார். திரையில் என் பெயர் வந்தது. நான் பிறந்த வாரத்திலேயே சித்தி இந்த அலுவலகத்துக்கு வந்து என்னைத் தம் வாரிசாகப் பதிந்திருக்கிறார். எனக்கு அதுவரை தெரியாது. அவர் காலமானால் ஒரு தையல் இயந்திரமும், ஓட்டுநர் உரிமமும், ஒரு சிவப்புக் குடையும் எனக்கு வந்து சேரும். ஐயா, எனக்கு அவை வேண்டாம். குடையை நான் ஏற்கெனவே கேட்காமல் எடுத்துத்தான் போகிறேன்.

8. இதற்கிடையே எதிர் வீட்டு அண்ணன் ஒருவர், சித்தி மாடியேறுவதைப் படம்பிடித்து 'இறந்த பெண் காய்கறி வாங்கி வரும் அதிர்ச்சிக் காட்சி, கடைசி நொடியைத் தவறவிடாதீர்கள்' என்று இணையத்தில் போட்டார். சித்தியைச் சுற்றிச் சிவப்பு வட்டமும், எங்கே பார்ப்பது என்று யாரும் குழம்பாமல் இருக்க ஓர் அம்புக்குறியும் உண்டு. கடைசி நொடியில் சித்தி செருப்பைக் கழற்றுகிறார், அவ்வளவுதான். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே முந்நூறு பேர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதியிருக்கிறார்கள். கால் தரையில் படவில்லை என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். 'ரெண்டு தடவை பார்த்தவங்க கை தூக்குங்க' என்பதற்கு எண்ணூறு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். தக்காளி என்ன விலை என்று கேட்ட ஒரே ஒருவருக்கு மட்டும் சித்தி பதில் எழுதினார். அதையும் 'ஆவி பதில் சொன்னது' என்று அடுத்த காணொளியாக்கிவிட்டார்கள்.

இது வேன் மேலாளர் வரை போய்விட்டது. அவர் சித்தியிடம் மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. ஆனா செத்தவங்க ஓட்டுற வண்டியில பிள்ளைங்கள ஏத்த பெத்தவங்க ஒத்துக்கணுமே. வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் கொண்டாங்க" என்றார்.

9. இவை அனைத்தையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதைப் பதிவு செய்யத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். தீயணைப்பு வண்டி போனதிலிருந்து சித்தி அளந்து பேசுகிறார். நேற்று மழை பெய்தபோது, "மழை பெய்யுது" என்றார். அவ்வளவே. அம்மா திகைத்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காலில் பலகை விழுந்தபோதும் சித்தி ஒரு நிமிடம் யோசித்து, "வலிக்குது, கொஞ்சம்" என்றார். எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் உயிர் போவதில்லை, தலை வெடிப்பதில்லை, குடி முழுகுவதில்லை. மிகவும் அமைதியாக இருக்கிறது. பதிவேட்டில் உள்ளது உண்மையாகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

10. எனவே தாங்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன், இயன்றால் மதியமே, 'காலமானார்' என்பதை அடித்துவிட்டு, சித்தி உயிருடன் இருக்கிறார் என்ற நகலை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்றை அழுத்தியவள் நான் என்பதால் அபராதம் ஏதும் இருந்தால் என் மேல் விதிக்கலாம். சித்தியின் வேலையில் கை வைக்க வேண்டாம். லிஃப்டையும் சரிசெய்ய வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் தாங்களே ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். ஏறி முடித்ததும் தாங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தைச் செவிமடலுக்குக் கேட்காமல் சொல்ல வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கருவியின் பயன்பாட்டுக்காகச் சித்தி வழக்கமாகக் கூறும் 112 சொற்றொடர்களை அகர வரிசைப்படுத்தி, உண்மைப் பொருளுடன் இணைத்திருக்கிறேன். (எ–டு: 'கொன்னுடுவேன்' – இன்னும் சாப்பிடாமல் புத்தகம் படிக்கிறாயா. இதைக் காவல்துறைக்கு அனுப்ப வேண்டாம்.)

11. இந்த மனுவின் வரைவைச் சற்று முன் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். தீயணைப்பு வீரரின் வாயை நான் பொத்திய இடத்தில் அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிப் பாவி, சிரிச்சுச் சிரிச்சுச் செத்தே போயிட்டேன்டி" என்றார். சொன்ன உடனே இருவரும் மேசை மேல் இருந்த கைபேசியைப் பார்த்தோம். அணைத்துத்தான் இருந்தது. ஆனாலும் சித்தி அதன் அருகே குனிந்து, அதே வாக்கியத்தை இன்னும் உரக்க மறுபடி சொன்னார்.

ஐயா, இந்தப் பத்தியைத் தாங்கள் மனத்துக்குள் மட்டும் வாசிக்கவும். ஒருவேளை வாய்விட்டு வாசித்து, கருவி கேட்டுவிட்டால், அவர் இறந்தது இரண்டாவது முறை என்றும், முதல் முறையைப் போலவே இதிலும் உயிருடன்தான் இருக்கிறார் என்றும் பதிவு செய்யவும்.

நாள்: 11, செவ்வாய்க்கிழமை
இடம்: ஐந்தாம் மாடி (படி வழியாக)

பணிவுடன்,
வாரிசாக விரும்பாத வாரிசு,
(கையொப்பம்)

மேலே உள்ளவை அனைத்தும் உண்மை. தோற்றது பின்னால் எடுப்பதில் மட்டும்தான்.
காலமானவர்,
(கையொப்பம், இன்று காலை போட்டது)

இணைப்பு: சொற்றொடர்ப் பட்டியல், எட்டுப் பக்கங்கள்.