ஏலக்காய் வாசம் அடித்த கறுப்பு வண்டி

எங்கே போனாலும் "நீ ஜீப்புக்காரர் மகளா?" என்று போடியே என்னைக் கேட்கும்படி விட்டுப்போன என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் உங்களுக்கு எழுத எனக்குப் பெரிய செய்தி எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது. நேற்று வெள்ளிக்கிழமை நம் ஜீப்பு நம்மை விட்டுப் போக இருந்தது அப்பா.

அண்ணன்தான் அதை ஓட்டுகிறான். விடியுமுன் கூலி வேலைக்குப் போகும் பேச்சியக்காவையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருகிறான். வளைவில் நீங்கள் அடிப்பது போலவே இரண்டு முறை ஹாரன் அடிக்கிறானாம், பேச்சியக்கா சொன்னாள். அம்மா வழக்கம்போல ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போகிறாள். நான் பிளஸ் ஒன்.

அண்ணனுக்கு ராசிங்காபுரத்தில் ஒரு பெண் பேசியிருக்கிறது. பெயர் வசந்தி. பெண்ணின் அப்பா நல்ல மனிதர்தான். ஆனால் பார்க்க வந்த அன்று வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றிவந்து, "மாப்ளே, சொந்தமா இது ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் சிரித்தான். அன்றைக்கு அவன் சாப்பாட்டில் பாதி இலையிலேயே இருந்தது.

அடுத்த இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை காலை, கறுப்பாக ஒரு வண்டி நம் தெருவுக்குள் நுழைந்தது. நுழைந்தது என்று எழுதிவிட்டேன், உண்மையில் தெருவே அதற்கு ஒதுங்கிக் கொடுத்தது. வெளிநாட்டுக் கம்பெனி வண்டி, டீசல், ஏழு பேர் உட்காரலாம், கூரையில் கண்ணாடி, தோல் சீட்டு, கேரளா நம்பர். அண்ணன் ஓட்டிவந்தான். பக்கத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் சன்னாசி மாமா.

"அண்ணே, யாரு வண்டி?" என்றேன்.

"நம்ம வண்டித்தா!"

பேச்சு என்னவென்றால், நம் ஜீப்பைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் கொடுத்து, இதை எடுத்துக்கொள்வது. மூணாறு போகிற ஆட்களை ஏற்றலாம், எஸ்டேட்டு ஓனர்கள் கூப்பிடுவார்கள் என்றான் அண்ணன். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை எழுதிக்கொள்ளலாம். உங்களுக்குப் பிறகு ஜீப்பு அம்மா பேருக்கு மாறியிருப்பதால் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அண்ணன் வீட்டுக்குள் ஒருமுறை போய்வந்து, தான் மட்டும் பின்னால் ஏறித் துடைத்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டதும் ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது. "எஸ்டேட்டு ஓனர் வச்சிருந்த வண்டின்னா சும்மாவா? வாசத்தப் பாரு" என்றான் அண்ணன். தெருவே தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்துத் தலையாட்டியது. நம் ஊரில் பஸ்சு, சட்டை, ரூபாய் நோட்டு எல்லாமே ஏலக்காய் மணக்கிறது. ஒரு வண்டி அப்படி மணந்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

பேச்சியக்கா மட்டும் தள்ளி நின்றாள். "ஏப்பு பாண்டி, திங்கக்கெழமையிலிருந்து எங்களையும் இந்தக் கண்ணாடிக் கூரைக்குக் கீழதான் ஒக்கார வைப்பியா? சேத்துக் காலோட ஏறலாமா, இல்ல காலக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வரவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அது கேள்விதான் அப்பா. அண்ணன் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை எங்களை வீரபாண்டிக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். உங்களிடம் மறைக்க மாட்டேன், எனக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிக் கூரையில் புளியமரங்கள் பின்னால் ஓடின. சத்தமே இல்லை. நம் ஜீப்பில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும், இதில் அம்மா பெருமூச்சு விட்டது கூடக் கேட்டது.

கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டா, இதென்ன நனைஞ்ச சாக்கு நாத்தம் அடிக்குது?"

"ஏலக்கா வாசம்மா அது" என்றான் அண்ணன்.

"ஏலக்காயா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் அம்மா.

அன்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். அம்மாவுக்கு ஏலக்காய் வாசம் தெரியாது. உங்களுக்கு நினைவிருக்கும், பாயசத்தில் போட்டோமா இல்லையா என்று நம்மிடம்தான் கேட்பாள். வருடக்கணக்காக நாள் முழுவதும் அதற்குள்ளேயே உட்கார்ந்து அவள் மூக்குக்கு அது காற்று மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் எங்களுக்கு ஏலக்காய் மறைத்த எதையோ அம்மாவின் மூக்கு நேராகப் பார்த்திருக்கிறது. அது என்ன?

சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் மற்றவை தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வண்டி பழசு, தரைவிரிப்பு மட்டும் ஏன் புதுசு? முன்விளக்குக்குள் ஏன் ஆவி படிந்த மாதிரி மங்கல்? மீட்டரில் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது, பிரேக் மிதியின் ரப்பர் ஏன் நம் ஜீப்பில் இருப்பதைவிட வழுக்கை? எல்லாவற்றுக்கும் மேல், மலைக்குப் போகத்தானே வாங்குகிறான், ஏன் ஒரு முறைகூட மலையேற்றிப் பார்க்கவில்லை? தேனிக்குப் போகிறான், வருகிறான். கேட்டால், "மொத சமதளத்துல ஓடட்டும்த்தா" என்கிறான். மலைக்கு இன்னும் ஜீப்பில்தான் போகிறான்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, வண்டியில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் முன்பெட்டியைத் திறந்தேன். உள்ளே வண்டியோடு வந்த கையேடு இருந்தது, தடிமனான ஆங்கிலப் புத்தகம். வாசிக்க ஒரு புத்தகம் கிடைத்ததே என்றுதான் எடுத்தேன். பக்கங்கள் அலை அலையாக எழும்பியிருந்தன. ஓரத்தில், எல்லாத் தாள்களிலும் ஒரே உயரத்தில், தேநீர் நிறத்தில் ஒரு கோடு. வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது அப்பா. ஆனால் நனைந்து காய்ந்த புத்தகத்தை எனக்குத் தெரியாதா? நூலகப் புத்தகத்தை மழையில் நனைத்துவிட்டு இஸ்திரி போட்டுப் பார்த்தவள் நான்.

பிறகு சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். மேலே கறுப்பு, அடியில் ஒரு முழம் மட்டும் மண் நிறம். தரைவிரிப்பின் மூலையைத் தூக்கினேன். மாவு மாதிரி வண்டல் விரலில் ஒட்டியது. பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டபோது வெள்ளைத் துணி முடிச்சு ஒன்று வந்தது. உள்ளே ஏலக்காய். இரண்டு கை கொள்ளும்.

இது வெள்ளத்தில் நின்ற வண்டி. முன்பெட்டி உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. அந்த நாற்றத்தை மறைக்க யாரோ முடிச்சு வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, சன்னாசி மாமாதான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பிடித்தேன். பையில் கையேடு இருந்தது. நேராகவே கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்த வண்டி தண்ணிக்குள்ள நின்னதுதானே?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "ஆமாத்தா."

"அத ஏன் மறைச்சீங்க?"

"யாரு மறைச்சா? ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லித்தான் குடுத்தேன். தண்ணி ஏறுன வண்டி, ஒயரெல்லாம் மாத்தியிருக்கு, ஓடுற வரைக்கும் ஓடும்னேன். இல்லன்னா இந்த வெலைக்கு இத யாரு குடுப்பா?"

"பொய் சொல்றீங்க."

"இந்தா பாரு, பொய் சொல்லி விக்கணும்னா மதுரைக்குக் கொண்டுபோயி வித்துட்டு வந்துருவேன். போடியில வித்துட்டுத் தெனமும் ஒங்க மூஞ்சில முழிக்க முடியுமா?"

"அப்ப சீட்டுக்கு அடியில ஏலக்கா வச்சது?"

"ஏலக்காயா!" டீக்கடைக்காரரிடம் திரும்பினார். "அண்ணே, இந்தப் புள்ள சொல்றதக் கேட்டீகளா? ஏலக்கா விக்கிற வெலையில நான் அத வண்டிக்கு வச்சு விக்கிறேனாம். ஏலக்காயவே வித்துருக்க மாட்டேனா?"

டீக்கடையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. வீடுவரைக்கும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். பழியை அண்ணன்மேல் போடுகிறாரே, எவ்வளவு தைரியம் என்று.

வியாழக்கிழமை அம்மா வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும், எல்லாவற்றையும் கொண்டுபோய் அவள்முன் வைத்தேன். கையேடு, வண்டல் ஒட்டிய காகிதம், துணி முடிச்சு. சன்னாசி மாமா சொன்னதையும் சொன்னேன். "அண்ணன்மேல பழி போடுறாரும்மா. நாளைக்குக் கையெழுத்துப் போடாத."

அம்மா கையேட்டைத் தொடவில்லை. முடிச்சை அவிழ்த்துத் தட்டில் கொட்டினாள். அவள் பார்த்ததே என் முகத்தைத்தான், ஆனால் விரல்கள் தாமாகப் பொறுக்கத் தொடங்கிவிட்டன. வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். திடீரென்று விரல் நின்றது.

"அத்தனையும் காம்பு கிள்ளுன காயி."

"அதுக்கு என்னம்மா?"

"எஸ்டேட்டுலருந்து வர்ற காயில காம்பு இருக்கும். கடையில நாங்கதான் கிள்ளுவோம். இது வெடிச்ச காயும் வெளுத்த காயுமா வேற இருக்கு." ஒரு காயை விரலில் உருட்டிப் பார்த்தாள். "அடுப்படியில இருக்க டப்பாவக் கொண்டா."

கடைக்காரர் கழிவுக் காயைக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்வாரே, அதைப் போட்டு வைக்கும் டப்பா. தூக்கும்போதே எடை இல்லை. அடியில் நாலைந்து காய் உருண்டன.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். தட்டைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். வாசலுக்கே திரும்பப் போனவன் நிலைப்படியில் நின்றுவிட்டான். அதிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஊரில் யாரை வேண்டுமானாலும் அந்த வாசத்தால் ஏமாற்றலாம். அவன் ஏமாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒருத்தியை. அவள் மூக்குக்கு அது எட்டாது, அவள் விரலுக்கோ ஒவ்வொரு காயும் தெரியும். அண்ணனுக்கு இது எப்படி மறந்துபோனது?

"தெரிஞ்சேவா வாங்குன?" என்றாள் அம்மா.

"கல்யாணம் முடியிற வரைக்கும் ஓடுனாப் போதும்னு நெனச்சேன்."

"அதுக்கப்புறம்?"

அண்ணன் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அதுக்கப்புறம் மலையில பாதியில நின்னா எதுல எறங்குவ? ஜீப்பு இருக்காது. பேச்சி எதுல ஏறுவா? அந்தப் புள்ள வசந்தி என்ன, வண்டியக் கட்டிக்கிட்டா வருது?"

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இருபத்தைந்து வயதில் அவன் அழுது அன்றுதான் பார்த்தேன். நீங்கள் போன அன்றுகூட எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தானே ஒழிய அழவில்லை. "அவரு ஜீப்பச் சுத்திச் சுத்திப் பாத்தாரும்மா" என்று மட்டும் சொன்னான். அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவன் தலையில் கை வைத்தாள்.

அப்பா, இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். இதை அம்மாவுக்கும் சொல்லவில்லை. அந்த முதல் சனிக்கிழமை, தெரு முழுக்க வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் அடுப்படியிலிருந்து மடியில் எதையோ சுருட்டிக்கொண்டு வெளியே போனதை நான் பார்த்தேன். "என்னண்ணே?" என்றதற்கு, "ஒண்ணுமில்லத்தா, ஒஞ்சோலியப் பாரு" என்றான். பார்த்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் அந்த வண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. புரோக்கரைச் சந்தேகப்பட்டேன், முகம் தெரியாத எஸ்டேட்டு ஓனரைச் சந்தேகப்பட்டேன், தரைவிரிப்பைக்கூடச் சந்தேகப்பட்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சந்தேகப்படவில்லை. இப்படி ஆராய்ச்சி செய்பவளை என்னவென்று சொல்வது?

நேற்று வெள்ளிக்கிழமை அண்ணனே கறுப்பு வண்டியைக் கொண்டுபோய்ச் சன்னாசி மாமாவிடம் விட்டான். முன்பணத்தில் பாதி திரும்பவில்லை. நான் கூடப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லத்தா, அடுத்து நான் வண்டி வாங்கப் போறப்ப நீயும் வா. சம்பளம் தர்றேன்" என்றார். அவர் கிண்டல் செய்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இன்று சனிக்கிழமை. ராசிங்காபுரத்துக்கு நாளைக்கு வருகிறோம் என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். வண்டி வாங்கப் போவதாக அண்ணன் ஏற்கெனவே அங்கே சொல்லிவைத்திருக்கிறானாம். இப்போது வாங்கவில்லை என்பதையும் ஏன் என்பதையும் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அதைக் கேட்டு அவர்கள் பெண் தருவார்களா? எனக்குத் தெரியாது. வசந்தி நம்புவாளா? அவள் இடத்தில் நான் இருந்தால் முதலில் நம்ப மாட்டேன்.

காலையிலிருந்து அண்ணன் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறான். இப்போதுதான் வந்து கேட்டான், "நீயும் பக்கத்துல ஒக்காருத்தா. எனக்குப் பேச்சு வராது."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகிற வழியில், நான் அன்று பார்த்ததையும் பார்க்காதது போல இருந்ததையும் அவனிடம் கத்திச் சொல்லப் போகிறேன். ஜீப்பில் வேறு எப்படிச் சொல்வது? அங்கே போனபின் அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கப் பார்த்தானென்றால், அந்த வீட்டுக்கே கேட்கிற மாதிரி இருமுவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மகளும்,
பாண்டி அண்ணனின் தங்கையுமான
பவித்ரா