பெட்டியை மாற்றினால் கனடாச் சாமான்

2025 ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று சுவிஸ் நாட்டின் தேசிய தினம். பரிசாக அமெரிக்கா முப்பத்தொன்பது வீத வரியைக் கொடுத்திருக்கிறது. பக்கத்திலே ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் பதினைந்து, இவர்களுக்கு மட்டும் முப்பத்தொன்பது. ஏனாம்? அமெரிக்காவுக்கு விற்பது கூட, அங்கிருந்து வாங்குவது குறைவாம். ஒன்பது மில்லியன் சனம் எவ்வளவைத்தான் வாங்கும்? ஆளுக்கு நாலு அமெரிக்கக் கார் வாங்கி வரவேற்பறையில் நிறுத்துவதா?

எனக்கென்ன என்று இருக்க முடியவில்லை. தம்பி சீமோன் இருபத்திரண்டு வருடமாகச் சுவிசின் பீல் நகரத்தில், ஆய்வுகூடப் பம்புகள் செய்யும் தொழிற்சாலையில் நிற்கிறான். செய்வதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குத்தான் போகிறது. சின்ன நாடு, வெளியே விற்றால்தான் பிழைப்பு. பிராங்க் ஏறி ஏறி ஏற்கெனவே அவர்களுடைய சாமான் யானை விலை. இனி?

மாக்கஸ் சோபாவில் இருந்தபடி சொல்கிறார்: "சுவிஸ்காரருக்கு ஒண்டும் நடவாது. அவங்களிட்டைக் காசு கிடக்கு." புருசன் என்றும் பாராமல் ஏசினேன். நாட்டிடம் கிடக்கிறது. என் தம்பியிடமா கிடக்கிறது?

ஆகஸ்ட் 7

வரி தொடங்கிவிட்டது. சீமோன் நாளை விடுமுறையில் இங்கே கனடாவுக்கு வருகிறான். பயணத்தை நிறுத்தவில்லை, ஏனென்றால் அங்கே இப்போது செய்ய வேலையும் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

மிட்லண்ட் திருத்தல யாத்திரைக்குப் போய்வந்தோம்.

பூசை முடிந்து மரத்தடியில் சோற்றுப் பார்சல் பிரித்தோம். என் முதலாளி கிறிஸ்துநாயகம் அண்ணையும் எங்களோடு இருந்தார். சீமோனின் தொழிற்சாலைப் பம்புகளைக் கனடாவுக்கு இறக்குமதி செய்வது அவர்தான். சுங்கப் பத்திரங்களை எல்லாம் பார்ப்பது நான். மகளை மடியில் வைத்துக்கொண்டு படித்து எடுத்த சுங்க முகவர் லைசென்ஸ்.

அண்ணை விரலைத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு விளக்கினார். "சுவிசில இருந்து இஞ்ச வர வரி இல்லை, ஒப்பந்தம் இருக்கு. இஞ்ச செய்த சாமான் அமெரிக்காவுக்குப் போகவும் வரி இல்லை. அப்ப என்ன? பம்பு இஞ்ச வரட்டும். நாங்கள் மேல்மூடியைப் பூட்டி எங்கட பெட்டியில போட்டால் அது கனடாச் சாமான்."

"இஞ்ச செய்ததெண்டு ஆர் உறுதிப்படுத்துறது அண்ணை?"

கேட்ட தம்பியே பதிலும் சொன்னான். "அக்கா இருக்கிறாதானே. அக்கா கையெழுத்து வைப்பா."

நான் பிளாஸ்கில் இருந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறேன். ஒருவரும் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாதாதான் வழி காட்டினவா" என்று அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். யாத்திரைக்கு வந்த இடத்தில், சுங்கத்தைச் சுத்துவதற்கு மாதாவையும் கூட்டுச் சேர்க்கிறார்கள்! சுற்றிவர எங்கள் சனம். சத்தம் போட வாய் வரவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து கிடக்கிறது.

ஆகஸ்ட் 17

வெடித்துவிட்டது.

"மூடியைப் பூட்டினால் கனடாவோடா? அப்ப எனக்கொரு தொப்பியைப் போட்டுவிட்டால் நான் ஆர்?" என்றேன் சீமோனிடம்.

"எல்லாரும் செய்யினம் அக்கா."

"பிடிபட்டால் ஆர் ஜெயிலுக்குப் போறது? நீயோ, கிறிஸ்துநாயகம் அண்ணையோ? அதில கிடக்கிறது என்ர பேர்."

அவன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். பிறகு மெல்லச் சொன்னான். "என்ர பகுதி முழுக்க அமெரிக்க ஓடர். அது நிண்டால் நான் வெளியில. ஐம்பத்தொரு வயசில என்னை ஆர் எடுப்பான்?"

அது பொய்யில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. நான் கையெழுத்து வைத்தால் அவன் வேலை மிஞ்சலாம். வைத்தால் என் லைசென்ஸ் போகலாம், வழக்கும் வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பொய். ஒரு மூடியைப் பூட்டுவதை நான் உற்பத்தி என்று எழுதவேண்டும்.

ஏலாது என்றேன்.

"உனக்கு உன்ர லைசென்ஸ் பெரிசு. தம்பி சின்னன்."

பிறந்த நாள் தொட்டு "நீங்கள்" என்று சொன்ன வாய். வந்து கெஞ்சிக் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன், ஆனால் இப்படி எரிந்திருக்க மாட்டேன். கேட்கவே இல்லையே! தன் சட்டைப் பையில் கிடந்த சாமானைப் போல அல்லவா என் கையைத் தூக்கிக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அலுவலகம். அண்ணை கதவைச் சாத்திவிட்டு, "ஒரு கையெழுத்துத்தானே தங்கச்சி" என்றார்.

"அப்ப நீங்களே வையுங்கோ அண்ணை. ஏற்றுமதி செய்யிறவரும் வைக்கலாம்."

"எனக்கு உதுகள் விளங்காது."

நல்லாக விளங்கும். தன் பேர் அதில் வரக்கூடாது என்பதும் விளங்கும். கடைசிவரை அவர் வைக்க ஒப்பவில்லை, திட்டத்தையும் விட்டுவிட்டார். மற்றவளின் கையை நீட்ட இருந்த துணிவு தன் கையை நீட்ட இல்லை. பின்னேரம் போகும்போது எனக்கு வணக்கமும் சொல்லவில்லை. பெரிய இழப்பு!

ஆகஸ்ட் 20

சீமோனை விமான நிலையத்தில் மாக்கஸ் இறக்கிவிட்டார். நான் போகவில்லை.

அக்டோபர் 5

அவனும் தொலைபேசி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவன் மனைவி பேர்ணடெற் குரல் செய்தி அனுப்பியிருக்கிறா: "மச்சாள், இவருக்குக் கிழமையில ரெண்டு நாள்தான் வேலை. மிச்ச நாளில யன்னலுக்கால வெளிய பாத்துக்கொண்டு நிக்கிறார். நீங்கள் ஒருக்கால் எடுங்கோவன்." நான்கு தரம் கேட்டேன். எடுத்து என்ன சொல்வது? நான் செய்தது சரி என்றா? சரிதான். சரியைக் கொண்டுபோய் அவன் எங்கே வைப்பான்?

நவம்பர் 14, வெள்ளி

பதினைந்தாகக் குறைத்துவிட்டார்கள். ஒரு நாளில்! ஏற்றவும் ஒரு நாள், இறக்கவும் ஒரு நாள். இடையில் மனிதர் மூன்று மாதம் யன்னலில் நின்றது யார் கணக்கில்? சும்மாவும் குறைக்கவில்லை. சுவிஸ் நிறுவனங்கள் அமெரிக்காவில் வந்து முதலிட வேண்டுமாம்.

அண்ணை இன்று வாய் திறந்தார்: "பாத்தீரே தங்கச்சி, மூண்டு மாசம் சமாளிச்சிருந்தால் காணும்." கையில் இருந்த கோப்பையை வீசாமல் வைத்ததே பெரிய காரியம்.

நவம்பர் 30, ஞாயிறு

சீமோன் எடுத்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு "அக்கா" என்றான்.

அவனுடைய பகுதியை அப்படியே சவுத் கரோலைனாவுக்குக் கொண்டுபோகிறார்களாம். ஜனவரியில் இவன் போய் மூன்று மாதம் அங்குள்ளவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கவேண்டும். பிறகு வேலை இல்லை, வீடுதான்.

"வரிதான் இறங்கிட்டுதே? பிறகேன் போறாங்கள்?"

"திரும்ப ஏத்தினால் எண்ட பயம். அங்க செய்தால் ஒரு பயமும் இல்லை."

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "நான் அண்டைக்குக் கையெழுத்து வைச்சிருந்தால் இது நடந்திராதோ?"

"தெரியாது அக்கா."

டிசம்பர் 1

தெரியாதாம். "நடந்துதான் இருக்கும்" என்று ஒரு பொய் சொல்ல அவனுக்கு வரவில்லையா? பொய் வேண்டாம் என்று நின்றவள் நான்தானே. இப்போது ஒரு பொய்க்கு ஏங்கிக்கொண்டு இருக்கிறேன்.

2026 ஜனவரி 27, செவ்வாய்

ஸ்நோ தள்ளிவிட்டு வந்து இருக்கவும் தொலைபேசி அடித்தது. சீமோன். சவுத் கரோலைனாவுக்குப் போனதிலிருந்து வேலை முடிந்ததும் எடுக்கிறான். கை போன போக்கில் பம்பைக் கழற்றிப் பூட்டுவான், ஆனால் பாகங்களின் பேரெல்லாம் அவனுக்கு ஜெர்மன் மொழியில்தான் தெரியும். அமெரிக்கப் பொடியன்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். எனக்கு அந்தப் பேர்கள் பாடம். சுங்கத்தில் பேர் இல்லாத பாகம் இல்லை.

"அக்கா, உள்ளுக்க தோல் மாதிரி மெல்லிசா ஒண்டு, மேலயும் கீழயும் அசையும். அதுக்கு என்ன?"

"டயஃப்ரம்."

"கனக்க இறுக்காத, கைக்கே தெரியும் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

சொன்னேன். அவன் இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பழகினான். இருபத்திரண்டு வருடத்து வேலையை இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறான், அதற்குச் சொல் எடுத்துக் கொடுக்கிறேன் நான். பற்றிக்கொண்டு வருகிறது. யாரை ஏசுவது? அண்ணையை ஏசிப் பார்த்துவிட்டேன், அமெரிக்காவை ஏசிப் பார்த்துவிட்டேன், ஆறவில்லை.

"பொடியன்கள் நல்லவங்கள் அக்கா, கெதியாப் பிடிக்கிறாங்கள்" என்கிறான். குரலில் பெருமை வேறு.

நாளைக்கு வால்வுப் பகுதி தொடங்குகிறானாம். அந்தப் பேர்களை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.